நின்றுபோன சஞ்சிகையும் நெஞ்சில் நின்ற வாசகரும்

சஞ்சிகைகள் தோன்றுவதும் மறைவதும் தமிழுலகிற்குப் புதியனவல்ல. இரண்டு இதழ்களோடு ஓய்ந்தவை உண்டு. இரண்டு தலைமுறைகளைக் கண்டு ஓய்ந்தவையும் உண்டு. முன்னாளில் ஒரு சஞ்சிகை நின்றுபோனால் வாசகர் வருந்துவர். பின்னர் வேறொன்றை நாடுவர். அவ்வளவில் செய்தி முடிந்துவிடும். ஆனால், நின்றுபோன சஞ்சிகையை, அதை நடத்தியவர்கள் அல்லாமல், சிறுவயதில் வாசித்து மகிழ்ந்தவர்களே மீண்டும் எழுப்ப முற்படுவது இக்காலத்துப் புதுமையாகும். பழைய பிரதிகளைத் தேடுகிறார்கள். படம் பிடித்துப் பாதுகாக்கிறார்கள். மறுபதிப்பு வேண்டும் என்கிறார்கள். அதே பெயரில் புதிய இதழ்கள் வெளிவர வேண்டும் என்றும் ஆசைப்படுகிறார்கள். இம்முயற்சி தொடரத்தக்கதுதானா? தொடருமாயின் எந்த அளவிற்கு? இதற்கு விடை காணச் சில பழைய வரலாறுகளைப் புரட்டிப் பார்ப்பது நலம்.

சப்பிரகமுவ மாகாணத்திலே, பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் இருக்கிறது கொடகவெல. அதனையும் அயலிலுள்ள இறக்குவானை, கஹவத்தை ஆகிய ஊர்களையும் சூழ்ந்து தேயிலையும் இறப்பரும் வளரும் தோட்டங்கள் பல. அத்தோட்டங்களின் லயங்களில் அச்செழுத்து ஓர் அரும்பொருளாகவே இருந்த காலம் ஒன்று உண்டு. கதைகேட்க ஆசையிருந்தது, கதை சொல்லப் பாட்டிமார் இருந்தனர், ஆனால் சிறுவர் தாமே எடுத்து வாசிக்க நூல்கள் இல்லை. தோட்டப் பாடசாலையின் அலுமாரியில் பாடநூல்களே அரிதாயிருக்கையில், கதைப்புத்தகத்துக்கு எங்கே போவது? அத்தகைய இடங்களில், கடைத்தெருவிலிருந்து யாரோ ஒருவர் வாங்கிவரும் ஒரு சிறுவர் சஞ்சிகை ஒரு வீட்டோடு நிற்பதில்லை. அது லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சென்று, அட்டை கழன்று, முனை மடங்கி, பின்னும் வாசிக்கப்படும். வாசிக்கத் தெரிந்த பிள்ளை, தெரியாத பெரியவர்களுக்குக் குப்பி விளக்கின் ஒளியில் வாசித்துக் காட்டும். அவ்வாறு வாசிக்கப்பட்டவற்றுள் முதன்மையானது அம்புலிமாமா.

அம்புலிமாமா 1947ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இந்தியா விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்னர், சென்னையில் பிறந்தது. திரைப்படத் துறையில் புகழ்பெற்ற பி. நாகிரெட்டியும் அவருடைய நண்பர் சக்கரபாணியும் அதன் நிறுவனர்கள். தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே தொடங்கி, 1949இல் கன்னடத்திலும் இந்தியிலும் பரவிப் பின்னர் மேலும் பல மொழிகளில் வெளிவந்தது. சிலகாலம் சிங்களத்திலும் வந்ததென்பது இலங்கையர் நினைவில் வைக்கத்தக்கது. ஒரே கதையை ஒரே படத்துடன் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் தத்தம் மொழியில் வாசித்தனர் என்பது சிறிய செய்தியன்று. படங்களே அதன் உயிர். முருங்கை மரத்து வேதாளத்தைத் தோளிற் சுமந்து, வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனின் உருவத்தைத் தீட்டிய ஓவியர் சங்கர், பல்லாண்டுகள் அச்சஞ்சிகைக்கே உழைத்து, 2020ஆம் ஆண்டில் முதுமையில் மறைந்தார்.

இலங்கைத் தோட்டங்களுக்கு அம்புலிமாமா வந்த வழி எப்போதும் நேராயிருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டின் காரணமாகவும், உள்நாட்டு வெளியீடுகளை வளர்க்கும் நோக்கத்துடனும், தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. அதனால் இலங்கை எழுத்தாளர்களுக்கு நன்மை விளைந்தது. 1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகை போன்ற உள்நாட்டு ஏடுகள் அக்காலத்தில் வேரூன்றின. ஆனால், தோட்டத்துச் சிறுவருக்கு அம்புலிமாமாவின் இடத்தை நிரப்பத்தக்க வண்ணச் சஞ்சிகை கிடைக்கவில்லை. 1977இல் கட்டுப்பாடு தளர்ந்தபோது, முன்னர் வாசித்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டிருந்தனர்.

அதனினும் பெரிய இழப்புகளும் நேர்ந்தன. 1964இல் இரு நாடுகளின் பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி பல்லாயிரம் தோட்டக் குடும்பங்கள் தகரப்பெட்டிகளோடு கப்பலேறின. 1977இலும், மீண்டும் 1981 ஆகஸ்டிலும், இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களை வன்செயல் தாக்கியபோது, உடுத்த துணியுடன் வெளியேறியோர் பலர். உயிரைக் காப்பதே பெரிதாயிருந்த வேளையில் பழைய சஞ்சிகையை யார் எடுத்துச் செல்வர்? அதே 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததை உலகமறியும். தோட்டத்து லயங்களில் எரிந்த காகிதத்துக்கோ கணக்கில்லை.

அம்புலிமாமாவும் தன் ஊரிலேயே தளர்ந்தது. தொழிற் பிணக்கினால் 1998இல் நின்றது. அடுத்த ஆண்டில் மீண்டது. 2007இல் மும்பையைச் சேர்ந்த கணினித் தொழில் நிறுவனமொன்று அதனை வாங்கியது. புதிய தோற்றமும் புதிய பகுதிகளும் அளிக்கப்பட்டன. பழைய இதழ்கள் கணினித் திரையிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால், வாங்கிய நிறுவனமே கடன் சுமையில் வீழ்ந்தது. 2013இல் சஞ்சிகை ஓய்ந்தது. திரையிற் காணக் கிடைத்த பழைய இதழ்களும் பின்னர் மறைந்தன. அதன் பின்னரே வாசகர்களின் உழைப்பு தீவிரமாயிற்று. தம்மிடமிருந்த பிரதிகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பினர். விலைக்கு வாங்கியவர் காப்பாற்றாததை விலையின்றி உழைத்தவர்கள் காப்பாற்றினர்.

இனி, மறுபிறப்பு எய்திய பிற சஞ்சிகைகளின் கதையைக் காண்போம். தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றில் நீங்கா இடம்பெற்ற மணிக்கொடி, 1933 செப்டெம்பரில் ஸ்டாலின் சீனிவாசன், வ. ராமசாமி, டி. எஸ். சொக்கலிங்கம் ஆகியோரின் முயற்சியால் அரசியல் வார இதழாகத் தோன்றியது. 1935இல் அது நின்றது. நின்றதை பி. எஸ். ராமையா எடுத்து நடத்தினார். அவர் பழைய மணிக்கொடியை அப்படியே மீண்டும் அச்சிடவில்லை. சிறுகதைக்கென்றே உரிய இதழாக மாற்றினார். புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி ஆகியோரின் கதைகள் அங்கே ஒளிவிட்டன. இன்று மணிக்கொடி என்றதும் நினைவுக்கு வருவது இந்த இரண்டாம் பிறவியே. ராமையா விலகிய பின் அது வேறு கைகளுக்கு மாறி, 1930களின் முடிவிற்குள் மறைந்தது. பெயர் இருந்தது, அதனைத் தாங்கிய வேகம் இல்லை.

இதற்கும் மேலான பாடமொன்று அதன் பின்வரலாற்றில் உண்டு. மணிக்கொடியில் எழுதிப் பயின்ற சி. சு. செல்லப்பா, 1959 ஜனவரியில் ஒரு சஞ்சிகை தொடங்கினார். மணிக்கொடி என்ற பெயரை எடுத்துக்கொண்டிருந்தால் வாசகர் விரும்பியே வரவேற்றிருப்பர். ஆயினும் அவர் எழுத்து என்று புதுப்பெயர் வைத்தார். பழையவர்களான பிச்சமூர்த்தி முதலியோருக்கு அங்கே இடமிருந்தது. முன்பின் அறியப்படாத இளைஞர்களுக்கும் இடமிருந்தது. திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு என்ற இளைஞர் அவ்வழியே தமிழுலகிற்கு அறிமுகமானார். மரபை மறவாத ஒருவர் பழைய பெயரை வேண்டாது புதுப்பெயர் வைத்ததனால் மரபு குன்றவில்லை, வளர்ந்தது. ராமையாவோ தம் பங்கிற்கு மணிக்கொடி காலம் என்ற நினைவு வரலாற்றை எழுதி, அதற்காக 1982ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றார். ஒரு சஞ்சிகைக்குச் செய்யும் மரியாதைக்குப் பல வழிகள் உள என்பதை இவ்விருவரும் காட்டினர்.

வேறொரு வழியும் வென்றதுண்டு. சிவகாசியில் 1972இல் இரும்புக்கை மாயாவி என்ற கதையுடன் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் அதே குடும்பத்தினர் தொடங்கிய லயன் காமிக்ஸும், ஒருகாலத்தில் பள்ளிப்பிள்ளைகளின் பைகளில் மறைந்து பயணம் செய்தவை. தொலைக்காட்சி வந்தபின் அவை தேய்ந்து, வெளிவரும் ஒழுங்கும் குலைந்தன. 2012இல் நல்ல தாளில், வண்ணத்தில், சந்தாதாரர்களை நம்பி அவை புத்துயிர் பெற்றன. அம்முயற்சி நிலைத்தமைக்குப் பழைய மாயாவி மீதுள்ள பாசம் ஒரு காரணமே. முன்னர் தமிழில் வராத புதிய ஐரோப்பியச் சித்திரக்கதைகளைத் தொடர்ந்து அளித்ததே மற்றொரு காரணம். எனினும், ஒரு ஐயம் எஞ்சுகிறது. வாங்குவோரில் எத்தனை பேர் சிறுவர், எத்தனை பேர் சிறுவராயிருந்தோர்?

மேலைநாட்டிலும் இவ்வினா எழுந்திருக்கிறது. 1980களில் இங்கிலாந்து வீடுகளில் சிறு கணினிகள் புகுந்தன. ஸ்பெக்ட்ரம், கொமடோர் என்னும் அக்கணினிகளில் ஆடும் விளையாட்டுகளை ஆராய்ந்து எழுத, லட்லோ என்ற சிற்றூரிலிருந்து 1984இல் கிராஷ், 1985இல் ஸாப் 64 ஆகிய சஞ்சிகைகள் வெளிவந்தன. 1991இல் அந்நிறுவனம் வீழ்ந்தது, கணினிகளும் வழக்கொழிந்தன. ஆயினும், அவற்றை வாசித்து வளர்ந்தோர் முன்பணம் திரட்டி, அண்மைக்காலத்தில் அவற்றுக்கு மீண்டும் இதழ்கள் வெளிவரச் செய்தனர். வியப்பு யாதெனில், அப்பழைய கணினிகளுக்கென இன்றும் புதிய விளையாட்டுகளை ஆர்வலர் ஆக்கிவருகின்றனர். எனவே எழுதுவதற்குப் புதிய பொருள் இருக்கிறது. பொருள் உள்ளவரை இதழுக்கு உயிருண்டு. அது வற்றுமாயின் ஆண்டுதோறும் கூடி நினைவுகூரும் மலராகவே அது எஞ்சும்.

இவற்றிலிருந்து தெளிவாவது யாது? மறுமலர்ச்சி என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று வேறு செயல்கள் கலந்திருக்கின்றன. பாதுகாத்தல் ஒன்று, மறுபதிப்பித்தல் மற்றொன்று, பழைய பெயரில் புதிய இதழை நடத்துதல் மூன்றாவது. மூன்றையும் ஒன்றெனக் கொள்வதாலேயே குழப்பம் விளைகிறது.

பாதுகாத்தல் கடமை. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த ஏடுகள், அவர் 1992இல் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் துணையுடன் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. 2005இல் இலங்கைத் தமிழ் இளைஞர் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், நாட்டின் பழைய சஞ்சிகைகளைக் கணினி வழியாக எவரும் வாசிக்கச் செய்திருக்கிறது. சப்பிரகமுவத் தோட்டங்களைப் போல, இருந்ததை இழந்த சமூகத்துக்கு இப்பணி பொழுதுபோக்கன்று. தன் பாட்டன் வாசித்தது இது என்று ஒரு பிள்ளை தொட்டுக்காட்டும் சான்று அது.

மறுபதிப்பு நன்று, ஆனால் உரிமையுடையோரின் இசைவும், எழுதியவர், ஓவியர் ஆகியோரின் பெயர்களும் அங்கே மறைக்கப்படலாகாது. அன்பு மிகுதியால் உரிமையை மறத்தல் எளிது.

மூன்றாவதே சிந்திக்க வேண்டியது. அன்பர்களின் காலமும் பணமும் அளவுடையன. அவற்றைப் பழைய பெயரைத் தாங்கி நிறுத்துவதில் முழுவதும் செலவிட்டால், இன்றைய பிள்ளைக்கு எஞ்சுவது என்ன? கொடகவெலத் தோட்டமொன்றில் இன்று ஐந்தாம் வகுப்பில் பயிலும் சிறுமிக்கு அம்புலிமாமா ஒரு நினைவன்று. அவளுக்கு அது முன்பின் அறியாத பெயர். அவளுடைய லயம், அவளுடைய பாடசாலை, தேயிலைச் செடிகளினூடே கூடையுடன் நடக்கும் அவளுடைய தாய் ஆகியோரைக் கதையிலும் படத்திலும் காட்டும் தமிழ்ச் சஞ்சிகை அவள் கைக்கு எட்டுகிறதா? அரண்மனையும் அரசகுமாரனும் வேண்டாம் என்பதல்ல. அவற்றுடன் அவளும் இருக்க வேண்டும் என்பதே.

இதற்கு மறுமொழி கூறுவோரும் உளர். பழைய பெயருக்கே வாசகர் கூடுவர். புதிய பெயருக்கு யார் பணம் தருவர் என்று அவர்கள் கேட்கின்றனர். அதில் உண்மை இல்லாமலில்லை. சிவகாசியின் அனுபவம் அதற்குச் சான்று. ஆதலால் பழைய பெயரை எடுப்பவர்கள் ராமையாவைப் போல எடுக்கட்டும். அதாவது, பெயரின் கூட்டத்தைப் புதிய எழுத்துக்கு அழைத்துச் செல்லட்டும். இதழில் ஒரு பங்கு பழையதாயின் மறுபங்கு இன்றைய பிள்ளைகளுக்காக இன்றையவர்கள் எழுதியதாய் இருக்கட்டும். வாங்கும் பெரியவர் ஒவ்வொருவரும் தமக்கொரு பிரதியும், தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு ஒரு பிரதியும் வாங்குவாராயின், நினைவு வேறு, தொண்டு வேறு என்ற பிளவே இல்லாமற்போகும். அது இயலாதெனின், பெயரை ஓய்வெடுக்க விட்டுவிட்டு, செல்லப்பாவைப் போலப் புதிதாகத் தொடங்குவதே மேல்.

வேதாளக் கதைகளின் முடிவில் எப்போதும் ஒரு வினா எழும். விடை தெரிந்தும் மன்னன் வாய் திறவாவிடின் அவன் தலை சுக்குநூறாகும் என்பது வேதாளத்தின் நிபந்தனை. அக்கதைகளை வாசித்து வளர்ந்தவர்கள் முன்னே நிற்கும் வினா இதுவே: சுமந்து செல்வது எதற்காக? விக்கிரமாதித்தன் சுமந்தது தன் தோளின் வலிமையைக் காட்டவன்று. ஒருவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக. பழைய சஞ்சிகையைச் சுமப்போரும் யாருக்குக் கொண்டுசெல்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பார்களாக. அந்தப் பாதை கொடகவெலத் தோட்டத்துப் பிள்ளையின் கையில் சென்று முடியுமாயின், அம்முயற்சி தொடரட்டும்.