பிள்ளையின் படிப்பும் பெற்றோரும்: ஒரு பழைய விதிநூல்

பங்கு மக்களில் பலர் பிள்ளையின் 'புரோகிரஸ் ரிப்போர்ட்டை'ப் பங்குக் குருவிடமும் கொண்டுவந்து காட்டுவதுண்டு. ஆகவே யூபிலி மலரில் இவ்வரலாறு இடம்பெறுவது பொருத்தமே.

சேசு சபைத் தலைவர் குளோதியோ அக்குவாவிவா காலத்தில், 1599-ஆம் ஆண்டு, 'ராத்சியோ ஸ்துதியோரும்' என்னும் கல்வி விதிநூல் வெளியாயிற்று. அதன்படி ஆசிரியர் ஆண்டுத் தொடக்கத்திலேயே மாணவர் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, தேர்வுக்குச் சற்று முன்னர் அதைக் கவனமாகத் திருத்த வேண்டும். மிகச் சிறந்தோர், நல்லோர், நடுத்தரமானோர், ஐயத்துக்குரியோர், அதே வகுப்பில் நிறுத்த வேண்டியோர், விலக்க வேண்டியோர் என ஆறு நிலைகள். இவற்றை 1 முதல் 6 வரை எண்களாலும் குறிக்கலாம்.

எழுத்துத் தேர்வில் அருகருகே அமர்ந்தவர்களின் தாள்கள் ஒத்திருந்தால் இருவரையுமே சந்தேகிக்க வேண்டும். யார் யாரைப் பார்த்தான் என்று கண்டுபிடிக்க முடியாதல்லவா! (நானூறு ஆண்டுகளாகியும் இவ்விதிக்கு வேலை குறையவில்லை.) அடுத்து, மூவர் அமர்ந்து வாய்மொழியாகச் சோதிப்பர். அவர்கள் ஆசிரியரின் பட்டியலை முதலில் படித்து, தேவையானால் முந்தைய பட்டியல்களோடும் ஒப்பிட்டு, பிள்ளை எவ்வளவு முன்னேறியுள்ளான் என்று காண வேண்டும். ஒரு நாள் தேர்வு மட்டும் போதாது என்ற இந்த எண்ணமே அந்நூலின் சிறப்பு என்பது என் கருத்து. தகுதி சற்றுக் குறைந்தவனையும் வயது முதலிய காரணங்களை முன்னிட்டு நிபந்தனையோடு வகுப்பேற்றலாம்.

தேறியவர் பெயர்கள் பலரறிய வாசிக்கப்படும். எந்த வகுப்பிலும் பயன் காண வழியில்லாத பிள்ளையைப் பற்றியோ, அதிபருடன் கலந்து பேசி, பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ அறிவிக்க வேண்டும். எப்படி? 'பெர்ஹுமானித்தேர்' என்கிறது இலத்தீன் மூலம். 'மிகுந்த கனிவோடு' என்று பொருள். பிள்ளையை அனுப்பிவிடும் அம்முடிவு கடுமையானதே. இன்று நாம் அதை ஏற்கமாட்டோம். ஆயினும் பெற்றோரின் மனம் நோகும் என்பதை அவ்விதியை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் நாட்டில் சேசு சபையார் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883-இல் திருச்சிக்கு வந்தது. அதற்குள் 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளே மாணவரின் தகுதிக்கு அளவுகோலாகியிருந்தன. பிள்ளையை அறியாதவர் தாளைத் திருத்தினார். ஆசிரியரின் பட்டியல் பின்னுக்குப் போயிற்று.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்றது. சிறுபான்மையினர் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் காட்டிப் பெற்றோரைச் சந்திக்க மறுக்கும் கத்தோலிக்கப் பள்ளி ஏதேனும் இருக்குமானால், அதன் நிர்வாகிகள் 1599-ஆம் ஆண்டு விதியை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.