விழிஞ்ஞம் கடற்கரையும் படகு எஞ்சினின் மறுவாழ்வும்

நாட்டுப் படகுகள் எந்திரமயமான வரலாற்றை எஞ்சின்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பதே வழக்கம். 1980களின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் மாவட்டக் கரையில் வெளிப்பொருத்து எஞ்சின்கள் பரவிய கதையும் அவ்வாறே சொல்லப்படுகிறது. அந்த எஞ்சின்கள் எத்தனை முறை பிரித்து மீண்டும் கோக்கப்பட்டன, அச்செலவை யார் சுமந்தனர் என்னும் கேள்விகள் அந்த அளவையில் இடம்பெறுவதில்லை.

கட்டுமரத்தின் பராமரிப்பு மீனவரின் கைக்குள் அடங்கியது. கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயவைத்து மீண்டும் கட்டினால் போதும். அதற்கு வேண்டிய பொருளும் அறிவும் கரையிலேயே இருந்தன. எஞ்சின் இந்த ஒழுங்கை மாற்றியது.

இரண்டு வீச்சு எஞ்சினுக்குத் தனி மசகு அமைப்பு இல்லை. எரிபொருளில் கலந்த எண்ணெயே பிஸ்டனையும் பேரிங்குகளையும் காக்கிறது. கேரள மீனவர்கள் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் முழுமையாக எரியாதபோது கரி படிந்து பிஸ்டன் ரிங்குகள் இறுகுகின்றன. குளிர்விப்பதற்காக உள்ளே பாயும் கடல்நீர் உப்பைப் படியவிடுகிறது. அலைவாயில் படகு கவிழ்ந்து எஞ்சினுக்குள் நீர் புகுந்தால், உடனே நன்னீரில் கழுவி எண்ணெய் இடவேண்டும். தாமதித்தால் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள் துருவேறும். பின்னர் எஞ்சினை முழுவதும் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைசலில் போரிங் செய்து, அதற்கேற்பச் சற்றுப் பெரிய பிஸ்டனும் புதிய ரிங்குகளும் ஆயில் சீல்களும் பொருத்துவார்கள்.

உதிரிப் பாகங்களின் விலையும் கூலியும் மட்டுமே இதன் செலவல்ல. பாறைகள் அரண் செய்த விழிஞ்ஞம் வளைகுடாவில் தென்மேற்குப் பருவமழைக் காலமே மீன்பிடியின் உச்சம். திறந்த கரைகளில் படகு இறக்க முடியாத அயலூர் மீனவரும் அப்போது இங்கு வருவர். அம்மாதங்களில் எஞ்சின் பட்டறையில் கிடந்தால் இழப்பு பன்மடங்கு. மேலும், பங்கு முறையில் அன்றாட எரிபொருள் செலவு பொதுவில் கழிக்கப்பட்டாலும், பெரிய பழுது பெரும்பாலும் படகு உடைமையாளரையே சேரும். கையில் பணமில்லாதவர் தரகரிடம் கடன் பெற்றார். அதற்கு ஈடாக மீனை விற்கும் உரிமையை இழந்தார்.

மரியநாட்டில் உருவாகி, பின்னர் 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக வளர்ந்த இயக்கத்தின் பொருள் இங்கே விளங்குகிறது. மீன் விற்பனையையும் கடனையும் சேமிப்பையும் ஒரே சங்கத்தில் இணைத்தது அவ்வியக்கம். எஞ்சின் விற்பனையோடு அதன் பழுதுபார்ப்பையும் கூட்டமைப்பு ஏற்றது, தொழில்நுட்பச் சார்பு கடன் சார்பாக மாறுவதைத் தடுக்கும் முயற்சியாகும்.

ஆகவே எந்திரமயமாக்கலை ஒருமுறை நிகழ்ந்த கொள்முதலாகக் கருதுவது போதாது. ஒவ்வொரு மறுசீரமைப்பிலும் மீனவர் அத்தொழில்நுட்பத்திற்கு மீண்டும் விலை கொடுத்தார். பட்டறைக் குறிப்பேடுகளையும் சங்கக் கடன் பதிவேடுகளையும் அரசுப் புள்ளிவிவரங்களோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த விலை வரலாற்றுக் கணக்கில் ஏறும்.