பாராசாரி: ஒரு குதிரையும் ஒரு சனதும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் தேசிங்குராஜன் கதையை எவரும் பாடமாகப் படித்ததில்லை. திருவிழாக் கடைகளில் அது பெரிய எழுத்துப் புத்தகமாக விற்றது. கூத்து மேடையில் விடிய விடிய நடந்தது. அக்கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு ராஜாவின் முகத்தைவிட அவன் ஏறிய குதிரையே மனத்தில் தங்கிவிட்டது. பாராசாரி என்பது அதன் பெயர்.

இப்பெயருக்குத் தமிழில் வேர் தேடினால் பயனில்லை. ‘பாரஹ் ஹஜாரி’ என்ற இந்துஸ்தானிச் சொற்றொடரே தமிழ் நாவில் பாராசாரி ஆயிற்று என்பர். பன்னிரண்டாயிரம் என்பது அதன் பொருள். இது வெறும் எண்ணன்று. முகலாய அரசில் ஒருவருடைய தகுதியை ‘மன்ஸப்’ என்னும் படிநிலையே அளந்தது. ஐயாயிரத்தவர் ‘பஞ்ச் ஹஜாரி’; அரச குமாரர்களுக்கே அதற்கு மேற்பட்ட எண்கள் பெரும்பாலும் வழங்கப்பட்டன. மன்ஸப்தார் எத்தனைக் குதிரை வீரர்களை வைத்துப் பேண வேண்டும் என்பதற்கும் கணக்கு இருந்தது. காட்டிய குதிரையையே மீண்டும் காட்டி ஏமாற்றாதிருக்க ஒவ்வொரு குதிரைக்கும் ‘தாக்’ எனும் சூட்டு முத்திரை இடுவார்கள். அந்த அமைப்பில் ஒரு குதிரைக்குப் பன்னிரண்டாயிரம் என்று பெயரிடுவது, அமீர்கள் எவரும் எட்டாத பதவியை ஒரு விலங்குக்குத் தருவதாகும். பெயரிட்ட பாமரக் கவிஞனின் குறும்பை நாம் ரசிக்கத்தான் வேண்டும்.

கதைப்பாடல் சொல்வது இது: டில்லி பாதுஷாவிடம் எவராலும் ஏற முடியாத குதிரை ஒன்று இருந்தது. அதனை அடக்க முன்வந்து தோற்ற தேரணிசிங் சிறையிலிடப்பட்டான். தந்தையைத் தேடி வந்த மகன் தேசிங்கு அக்குதிரையில் ஏறி அதனை வசப்படுத்தினான். தந்தை விடுதலை பெற்றார். மகனுக்குக் குதிரையும் ராணிபாய் என்ற மணமகளும் கிடைத்தனர்.

வரலாறு வேறு வகையில் பேசுகிறது. எட்டாண்டுக் காலம் நீடித்த முற்றுகைக்குப் பின், 1698இல் ஔரங்கஜேபின் தளபதி சுல்பிகார் கான் மராட்டியரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றினார். பின்னர் புந்தேல ராஜபுத்திரரான ஸ்வரூப் சிங் அதன் கில்லேதாரர் ஆனார். அவர் 1714இல் இறந்தபோது மகன் தேஜ் சிங் கோட்டைப் பொறுப்பை ஏற்றார். இந்தத் தேஜ் சிங்கே நம் தேசிங்கு. ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கான் இந்த உரிமையை ஏற்கவில்லை. செலுத்த வேண்டிய நிலுவை ஒருபுறம். புதிய பாதுஷாவின் ஒப்புதல் பெறாமல் பதவியேற்றது மறுபுறம். என் தந்தைக்கு ஔரங்கஜேப் அளித்த பர்மான் இருக்கிறது, அது போதும் என்பது தேஜ் சிங்கின் வாதம்.

இங்கேதான் பாடலின் உட்பொருள் நமக்குப் புலப்படுகிறது. மன்ஸப் என்பது வாரிசுரிமையாக இறங்குவதன்று; தந்தையின் பர்மான் மகனைக் காக்காது. எனவே சட்டம் நவாபின் பக்கமே சாய்ந்திருந்தது. மக்கள் பாடல் அந்த ஓலையைத் தூர எறிந்துவிட்டது. தந்தையால் முடியாததை மகன் தன் கைவன்மையால் முடித்தான், டில்லியே நேரில் அவனுக்குக் குதிரையைக் கொடுத்தது என்று கூறுகிறது. காகிதத்தில் இல்லாத சனதைப் பாடல் குதிரையின் வடிவில் எழுதிக் கொடுத்தது எனலாம். பாராசாரியின் மேல் அமர்ந்திருப்பவன் ஆற்காட்டுக்குக் கட்டுப்பட்டவன் அல்லன் என்பதே கேட்போர் மனத்தில் பதிகிறது.

ஆற்காட்டுக்கு மட்டுமா? செஞ்சிக் குதிரைகளின் குளம்படி கடலூருக்கும் பழக்கமானதே. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடம் விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். பீரங்கிக் குண்டு போய் விழுந்த எல்லை வரை ஊர்கள் அவர்களுடையவை ஆயின. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அதன் நினைவு. அக்கோட்டைக்காரர்களோடு ஸ்வரூப் சிங் 1710இல் தொடங்கிய பூசல் 1712 வரை நீண்டது. ஆங்கில அதிகாரிகள் சிறைபிடிக்கப்பட்டனர். கடலூர் வயல்வெளிகள் சூறையாடப்பட்டன. இறுதியில் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் தலையிட்டுச் சமாதானம் செய்தனர். அயல்நாட்டு வணிகக் குழுமத்தைக் கலங்கடித்த அக்குதிரைப் படையைத் தென்னார்க்காட்டு மக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

நல்ல குதிரை நம் மண்ணில் பிறப்பதில்லை. அது வந்து சேர்வது. பாராசாரிக்கு டில்லியைப் பிறப்பிடமாகச் சொன்னதற்கு முன்னரே, தமிழ்க் கற்பனை குதிரையைக் கடலோடு இணைத்துவிட்டது. பாண்டியனின் அமைச்சரான வாதவூரர், கீழைக் கரையில் வந்திறங்கிய குதிரைகளை வாங்க அரசன் பொருளோடு சென்று அப்பொருளைத் திருப்பணியில் செலவிட்டதையும், இறைவனே குதிரை வணிகனாக வந்ததையும், அவன் கொடுத்த குதிரைகள் இரவில் நரிகளானதையும் சைவ மரபு விரிவாகச் சொல்லும். அந்த வாதவூரர் இறுதியில் சேர்ந்த தில்லையில், நிருத்த சபை குதிரைகள் இழுக்கும் கல் தேராகவே அமைந்துள்ளது. இக்கதைக்குப் பின்னணியான வணிகம் மெய்யானது. மஅபர் கரைக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்தன என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார் என்றும் வஸ்ஸாஃப் எழுதினார். அவ்வணிகத்தை நடத்திய ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் துறைமுகங்களை நிர்வகித்தார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, குதிரைகளைப் பேணத் தெரியாமல் இந்நாட்டார் அவற்றைச் சாகவிடுகின்றனர் என்று குறை கூறினார். குதிரை வீரரைக் குறித்த ‘ராவுத்தர்’ என்னும் சொல் நம் சமுதாயத்தின் ஒரு பிரிவுக்கே பெயராக நிலைத்துவிட்டது. முருகனைப் பாடிய அருணகிரியாரும் அச்சொல்லைத் தம் கடவுளுக்குச் சூட்டத் தயங்கவில்லை.

இனிப் போர்க்களத்துக்கு வருவோம். தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத்கான். கூத்துக்காரர் வாயில் அவன் மோவுத்துக்காரன். அவனுடைய குதிரை நீலவேணி. திருமணக் கோலத்தில் இருந்தவன் நண்பனின் அழைப்பைக் கேட்டு மணப்பந்தலை விட்டுப் புறப்பட்டான் என்று கதைப்பாடல் உருகும். சிங்கவரத்து அரங்கநாதர் போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் அது சொல்லும். 1714 அக்டோபர் 3 அன்று நிகழ்ந்த போரில் சிறு படையோடு எதிர்த்த தேஜ் சிங் கொல்லப்பட்டார். வயது இருபத்திரண்டு என்பர். பாராசாரி யானையின் மேல் முன்கால்களைத் தூக்கி வைத்துப் போரிட்டுப் பின் வெட்டுண்டு விழுந்தது என்கிறது கதை.

இந்துவும் முஸ்லிமும் மோதிய போர் இது என்று இன்று எவரேனும் சொன்னால், இரு தரப்பின் ஆட்களையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். ராஜாவுக்காக உயிரைக் கொடுத்தவன் மகபத்கான். நவாபின் அரசில் உயர்நிலை வகித்தவர்களுள் ஒருவர் லாலா தோடர்மல். உடையார்பாளையத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்த காஞ்சி வரதராஜர் திருவுருவம் 1710இல் மீண்டும் கோயிலை அடையத் துணைநின்றவர் அவர். காஞ்சிக் கோயிலில் அவருடைய உருவச் சிலை இருக்கிறது. நவாபின் வரலாற்றைப் பாரசீகத்தில் ‘சயீத் நாமா’ என எழுதியவர் ஜஸ்வந்த் ராய். இதில் மதத்தைத் தேடுவோர்க்கு ஏமாற்றமே மிஞ்சும். நிலுவைத் தொகையும் பதவி உரிமையும் நட்பும் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

வென்ற நவாபையும் இம்மண் வெறுக்கவில்லை. கணவனோடு தீப்புகுந்த ராணியின் நினைவாக அவர் எழுப்பிய ஊரே ராணிப்பேட்டை என்று செவிவழிச் செய்தி உண்டு. செஞ்சிக் கோட்டைக்குள் அவர் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் நிற்கிறது. 2025இல் மராட்டியரின் கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பார்க்க வருவோர் கல்யாண மகாலை அண்ணாந்து பார்த்துவிட்டு, அருகில் வரிசையாக உள்ள குதிரை லாயங்களை அவ்வளவாகக் கவனிக்காமல் கடந்து போகின்றனர். ஊர்க்காரர்களோ செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டிக்கு வழி சொல்கிறார்கள். மகபத்கான் அடங்கிய இடம் அங்கேதான் என்பது அவர்கள் நம்பிக்கை. குதிரைக்கும் அங்கே ஒரு சமாதி உண்டு என்கிறார்கள்.