ஜோர்ஜியாவும் சனாதிபதித் தேர்தலும்

அரசியல் மாற்றத்தின் காரணத்தைத் தலைவர்தம் நாவன்மையில் மட்டும் தேடுவோர் அதன் வேரைக் காணார். ஐக்கிய அமெரிக்காவின் தென்பாலுள்ள ஜோர்ஜியா மாநிலம் இதற்குச் சான்றாகும். பழமைபேணும் இம்மாநிலம் 1996 முதல் 2016 வரை நிகழ்ந்த ஆறு சனாதிபதித் தேர்தல்களிலும் குடியரசுக் கட்சியையே ஆதரித்தது. 2020 இலோ, ஏறத்தாழ 50 இலட்சம் வாக்குகளுள் 11,779 வாக்கு வேறுபாட்டால் சனநாயகக் கட்சியினரான ஜோ பைடன் அங்கு வென்றார்.

இம்மாற்றம் ஓரிரவில் விளைந்ததன்று. தலைநகராகிய அற்லாண்டாவின் தொழில்வளம் பிற மாநிலத்தாரையும் பிற நாட்டாரையும் ஈர்த்தது. வடபுலத்தில் வாழ்ந்த கறுப்பின மக்கள் பலர் தம் முன்னோர் நீங்கிய தென்னகத்துக்கு மீண்டனர். நகரையடுத்த கொப், குவினெற் மாவட்டங்கள் 1976 இற்குப் பின் முதன்முறையாக 2016 இல் சனநாயகக் கட்சியின்பாற் சாய்ந்தன.

எனினும், குடியேறியோர் தொகை தானே வாக்காகிவிடாது. 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வாயிலைத் திறந்தது. ஸ்ரேசி ஏப்ரம்ஸ் முதலியோர் முன்னின்று நடத்திய வாக்காளர் பதிவு முயற்சி மக்களை அவ்வாயிலுக்கு அழைத்துவந்தது.

2024 இல் டொனால்ட் ட்ரம்ப் அங்கு மீண்டும் வென்றார். ஆயினும், 2004 இல் நூற்றுக்கு 16 இற்கு மேற்பட்டிருந்த வேறுபாடு இம்முறை இரண்டளவே. வென்ற கட்சி எதுவாயினும், தன் ஒரு வாக்குக்கும் மதிப்புண்டு என்று குடிமகன் நம்பத்தக்க நிலை தோன்றியமையே இவ்வரலாற்றின் பயனாம்.