துப்பாக்கிக் கட்டையும் கைத்தொழிற் புரட்சியும்

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நீராவிப் பொறி, நூற்கும் இயந்திரம், இரும்புருக்கும் உலை ஆகியவற்றைச் சுற்றியே தம் ஆராய்ச்சியை அமைத்துள்ளனர். மரவேலைக்கு அவ்வரலாற்றிற் கிடைத்த இடம் மிகச் சிறிது. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய பேரளவு உற்பத்தி முறையின் தோற்றத்தை ஆராய்வோர் ஒரு மரத்துண்டினைத் தவிர்த்துச் செல்லல் இயலாது. வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்துச் சுடப்பட்ட பழைய துப்பாக்கியின் கட்டையே அது. முறிந்த கட்டையை நீக்கிப் புதியதொன்றைப் பொருத்துவது யாரால் இயலும் என்னும் வினா மேலோட்டமாக நோக்குவோர்க்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு 1780ஆம் ஆண்டளவில் இருந்த விடையும் 1850ஆம் ஆண்டளவில் இருந்த விடையும் முற்றிலும் வேறானவை. அவ்வேறுபாட்டினுள் ஒரு தொழிலாளர் பிரிவினரின் உயர்வும் தாழ்வும் அடங்கியுள்ளன.

அக்காலத் துப்பாக்கி குழல், பொறி, கட்டை என்னும் மூன்று பேருறுப்புகளைக் கொண்டது. குழல் வெடிமருந்தின் விசையைத் தாங்கிக் குண்டைச் செலுத்தும். பொறி தீயை மூட்டும். கட்டை இவ்விரண்டையும் நிலைபெயராது இணைத்துச் சுடுவோனின் தோளுக்கு இசைவாக நிற்கும். தீக்கற் பொறி பூட்டிய துப்பாக்கியில், பொறியிலுள்ள மருந்துக் கிண்ணம் குழலின் பக்கத்தே அமைந்த சிறு துளைக்கு நேராக, இடைவெளியின்றிப் படிதல் வேண்டும். அப்படிவு பிழைப்பின் தீ குழலினுட் செல்லாது கிண்ணத்திலேயே எரிந்தடங்கக் கூடும். ஆகவே கட்டையை வெறும் கைப்பிடி எனக் கருதுதல் பொருந்தாது. துப்பாக்கி தொழிற்படுவதற்கு வேண்டிய நுண்ணிய அளவுகள் பல அதனுட் குடையப்பட்ட பள்ளங்களிலேயே தங்கியிருந்தன.

மூன்று உறுப்புகளினுள்ளும் எளிதில் முறிவதும் கட்டையே. பொறிக்குப் பின்னால், கை பற்றும் இடத்தில் அது ஒடுங்கி வளைந்து செல்லும். பொறியும் விசையும் அமர்வதற்காக மரம் குடைந்தெடுக்கப்படுவதால் அதன் அயற்பகுதி மேலும் நலிவுறும். மரத்தின் இழையோட்டம் வளைவைத் தழுவிச் செல்லாது குறுக்கே வெட்டுண்டிருப்பின், ஒரு வீழ்ச்சியோ தாக்கோ அதனை முறித்துவிடப் போதுமானது. குழலும் பொறியும் பழுதின்றியிருப்பக் கட்டை மட்டும் முறிந்த துப்பாக்கி, அக்காலப் படைகள் யாவும் அறிந்திருந்த இடர்ப்பாடாகும்.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்ப்பவன் துப்பாக்கிக் கம்மியன். பதினெட்டாம் நூற்றாண்டிற் பென்சில்வேனியாவின் லங்காஸ்ரர்ப் பகுதியிற் குடியேறிய ஜேர்மன் மரபினரான கம்மியர் இத்துறையிற் புகழ்பெற்றிருந்தனர். ரைபிள் எனப்படும் சுரிகுழல் துப்பாக்கியின் நீண்ட வடிவமொன்றை வளர்த்தெடுத்தவர்கள் அவர்களே. அவர்கள் வரியோடிய மேப்பிள் மரத்தை விரும்பினர். அமெரிக்கப் படைத் துப்பாக்கிகளுக்குக் கறுப்பு வால்நட் மரம் பயன்பட்டது. எம்மரமாயினும் நெடுநாள் உலர்த்திப் பதப்படுத்தப்படுதல் வேண்டும். பச்சை மரத்திற் குடைந்த பள்ளம் உலருங்கால் உருமாறிக் குழலை நெருக்கும்.

புதிய கட்டையைப் பொருத்துங் கம்மியன் முதலிற் குழலுக்கான நீள்பள்ளத்தை வெட்டுவான். பின்னர்க் குழலின் அடிப்புறத்தில் விளக்குக் கரியைப் பூசிப் பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுப்பான். மரத்திற் கரி ஒட்டிய இடங்களே மேடானவை. அவற்றை மட்டும் உளியாற் சீவி, மீண்டும் கரி பூசி அழுத்துவான். குழல் முழுவதும் மரத்திற் படியும்வரை இவ்வாறு பன்முறை செய்தல் வேண்டும். பொறிக்கான பள்ளம் இதனினும் கடினமானது. வில்லும் நெம்பும் திருகாணித் தலைகளும் ஒவ்வோர் ஆழத்தில் அமர்வதால், அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குடைதல் வேண்டியிருந்தது. இங்ஙனம் உருவான கட்டை அந்த ஒரு குழலுக்கும் அந்த ஒரு பொறிக்குமே உரியது. ஒரே பட்டறையில் ஒரே கம்மியன் செய்த வேறொரு துப்பாக்கிக்குக் கூட அது பொருந்தாது. உறுப்புகள் தம்முட் கலந்துவிடாதிருக்க ஒவ்வொரு துப்பாக்கியின் உறுப்புகளிலும் தனிக்குறி இடும் வழக்கம் எழுந்தமைக்குக் காரணம் இதுவே.

ஆகவே, கட்டையை மாற்றும் ஆற்றல் கம்மியனின் கண்ணிலும் விரலிலும் இருந்தது. அவனது ஊதியமும் மதிப்பும் வேலைநேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையும் அவ்வாற்றலின் வழி வந்தவையே. அரசின் நோக்கில் இதுவே பெருங்குறை. போர்க்களத்துக்கு அண்மையிற் கம்மியன் இல்லாதவிடத்து, முறிந்த கட்டையொன்று முழுத் துப்பாக்கியையும் பயனற்றதாக்கியது.

இக்குறையை நீக்க முதலில் முயன்றது பிரெஞ்சு அரசு. ஹொனொரே பிளாங் என்பார் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்க உறுப்புகளைக் கொண்ட பொறிகளைச் செய்தார். அக்காலத்திற் பிரான்சில் அமெரிக்கத் தூதுவராயிருந்த தோமஸ் ஜெபர்சன் 1785இல் அவரது பட்டறைக்குச் சென்று, குவியலிலிருந்து எழுந்தமானமாக எடுத்த உறுப்புகளைத் தாமே பொருத்திப் பார்த்து வியந்து தம் நாட்டுக்கு எழுதினார். பிளாங் அதுவரை பொறியை மட்டுமே அம்முறையில் முடித்துள்ளார் என்பதும், குழலையும் கட்டையையும் இனிமேல்தான் தொடங்கவுள்ளார் என்பதும் அக்கடிதத்திலேயே உள்ளன. இரும்பு அளவுக்கு அடங்கத் தொடங்கிவிட்ட அக்காலத்திலும் மரம் அடங்கவில்லை.

அமெரிக்காவில் இம்முறையைத் தோற்றுவித்தவர் எலி விற்னி எனப் பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. 1798இல் 10,000 துப்பாக்கிகளை இரண்டு ஆண்டுகளிற் செய்து தருவதாக உடன்பட்ட அவர், அவற்றை முழுமையாகக் கொடுத்து முடித்தது 1809இலேயாம். எஞ்சியுள்ள அவரது துப்பாக்கிகளைப் பிற்கால ஆய்வாளர் பரிசோதித்தபோது உறுப்புகள் தம்முள் மாற்றிப் பொருந்தவில்லை. உண்மையான முன்னேற்றம் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட், வேர்ஜீனியா மாநிலத்து ஹாப்பேர்ஸ் பெரி ஆகிய இரு அரச படைக்கலச்சாலைகளிலும், அவற்றைச் சார்ந்த சில பட்டறைகளிலும் படிப்படியாக நிகழ்ந்தது.

அம்முன்னேற்றத்தில் மரத்துக்குரிய பகுதியை நிறைவேற்றியவர் தோமஸ் பிளன்சார்ட். 1788இற் பிறந்த இவர், துப்பாக்கிக் குழலின் வெளிப்புறத்தைக் கடையும் இயந்திரமொன்றை முதலில் அமைத்தார். அதனைக் கண்ட குழல் வேலையாளர் தம் பிழைப்புப் போய்விடுமென அஞ்ச, கட்டை செதுக்கும் ஒருவர் மட்டும், கோணலான கட்டையை எவராலும் கடைய முடியாதாகையால் தமக்கு இடரில்லை என்று கூறினார் என்பது வழிவழி வந்த செய்தி. அச்சொல்லே பிளன்சார்டின் சிந்தனையைத் தூண்டியது என்பர். 1819இல் அவர் ஒழுங்கற்ற வடிவங்களைக் கடையும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

அவ்வியந்திரத்தின் தத்துவம் எளியது. இரும்பாலான மாதிரிக் கட்டையொன்றும் செதுக்கப்படாத மரத்துண்டொன்றும் இணையான அச்சுகளில் ஒரே வேகத்திற் சுழலும். மாதிரியைத் தடவிச் செல்லும் உருளையொன்று அதன் மேடு பள்ளங்களுக்கேற்ப அசையும். அதனோடு இணைந்த வெட்டுச் சக்கரம் அதே அசைவை மரத்தின்மீது நிகழ்த்தும். மாதிரி எவ்வடிவமோ மரமும் அவ்வடிவமாகும். இதனை இயக்குவோனுக்கு அவ்வடிவத்தைப் பற்றிய அறிவு எதுவும் வேண்டியதில்லை.

எனினும் வெளிவடிவம் கட்டையின் ஒரு பாதியே. உட்பள்ளங்களே கடினமான மறுபாதி. ஸ்பிறிங்பீல்ட் மேற்பார்வையாளர் ரொஸ்வெல் லீயின் ஆதரவோடு அச்சாலையினுள்ளேயே ஒப்பந்தக்காரராக அமர்ந்த பிளன்சார்ட், 1820களில் குழற்பள்ளம் வெட்டுதல், பொறிப்பள்ளம் குடைதல், திருகாணித் துளையிடல் முதலியவற்றுக்குத் தனித்தனி இயந்திரங்களை அமைத்து, 14 இயந்திரங்களைக் கொண்ட தொடரொன்றை உருவாக்கினார். ஒரு பொருளின் உற்பத்தி முழுவதையும் வரிசையான தனிநோக்கு இயந்திரங்களிடம் ஒப்படைத்த முன்னோடி முயற்சிகளுள் இது தலையாயது. இரும்பு உறுப்புகள் அரத்தாலும் கையாலும் சரிசெய்யப்பட்டுவந்த காலத்திலேயே, கைவினைஞரின் இறுதி அரண் எனக் கருதப்பட்ட மரக்கட்டை இயந்திரத்தின் வசமாகியமை சிந்தித்தற்குரியது.

இம்மாற்றத்தின் பொருளை 1826–27இல் ஹாப்பேர்ஸ் பெரியில் நடைபெற்ற சோதனையொன்று தெளிவாக்கியது. அங்கு ஜோன் ஹோல் என்பார் பின்புறத்தே மருந்திடும் சுரிகுழல் துப்பாக்கிகளைச் செய்துவந்தார். வகையால் அது வேறாயினும் சோதனை கட்டையைப் பற்றியதே. 1824இற் செய்யப்பட்ட துப்பாக்கிகள் கட்டையிலிருந்து கழற்றப்பட்டு, உறுப்புகள் கலக்கப்பட்டு, புதிதாகச் செய்த கட்டைகளிற் பொருத்தப்பட்டன. அவை குறையின்றி அமர்ந்தன என அரசு நியமித்த குழு அறிக்கையிட்டது. கம்மியனின் உளியும் கரியுமின்றிக் கட்டை மாற்றப்பட்டுவிட்டது.

தொழிலாளர் இதனை வாளாவிருந்து ஏற்கவில்லை. ஹாப்பேர்ஸ் பெரியிற் பழைய கைவினை மரபு வலிமை பெற்றிருந்தது. ஒழுங்குகளை இறுக்க முற்பட்ட மேற்பார்வையாளர் தோமஸ் டன் 1830இல் வேலைநீக்கம் பெற்ற தொழிலாளி ஒருவனாற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1841இற் படை அதிகாரிகள் நிருவாகத்தைப் பொறுப்பேற்று மணிக்கூட்டுக்கு அமைந்த வேலைநேரத்தை விதித்தபோது எதிர்ப்பு மூண்டது. 1842இற் தொழிலாளர் பலர் வேலையை விட்டு, கால்வாய்ப் படகேறி வாஷிங்ரனுக்குச் சென்று சனாதிபதி ரைலரிடம் முறையிட்டனர். தாம் இயந்திரத்தின் அடிமைகளாக்கப்படுகின்றனர் என்பதே அவர்களது முறைப்பாட்டின் சாரம். சனாதிபதி இன்சொற் கூறினாராயினும் வேலைக்குத் திரும்புமாறே அறிவுறுத்தி அனுப்பினார். ஊதியத்தைவிட, வேலையைத் தாமே ஆளும் உரிமையை இழந்தமையே அவர்களை வருத்தியது.

இரு சாலைகளிலும் முழுமையாக மாற்றிப் பொருத்தத்தக்க படைத் துப்பாக்கிகள் 1840களில் உருவாகின. 1854இல் ஆங்கிலேயக் குழுவொன்று ஸ்பிறிங்பீல்டுக்கு வந்தபோது, 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகச் செய்யப்பட்ட பத்துத் துப்பாக்கிகளைக் கழற்றி உறுப்புகளைக் கலக்கச் செய்தது. ஒரு தொழிலாளி திருப்புளி ஒன்றை மட்டும் கொண்டு அவற்றை மீண்டும் பூட்டினார். இதன்பின் கட்டை செய்யும் இயந்திரத் தொகுதியை மசச்சூசெற்சின் ஏம்ஸ் நிறுவனத்திடமிருந்து வாங்கி, என்பீல்டில் அரச தொழிற்சாலையைப் பிரித்தானிய அரசு புதுக்கி அமைத்தது. ஹாப்பேர்ஸ் பெரியிற் பயின்ற ஜேம்ஸ் பேர்ட்டன் அதன் தலைமைப் பொறியியலாளரானார். 1857ஆம் ஆண்டு இந்தியப் பெருங்கிளர்ச்சியோடு தொடர்புபடுத்தித் தெற்காசிய வரலாற்று நூல்களிற் பேசப்படும் 1853ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்ட் துப்பாக்கியே அங்கு செய்யப்பட்டது. பேர்மிங்காமின் ஒப்பந்தப் பட்டறைகளிற் கையாற் செய்த அதே மாதிரித் துப்பாக்கியின் கட்டை என்பீல்ட் துப்பாக்கிக்குப் பொருந்தவில்லை. பெயரும் தோற்றமும் ஒன்றாயிருந்தும் அவை இரு வேறு உற்பத்தி முறைகளின் விளைவுகளாம்.

மேற்கூறியவற்றிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படும். முதலாவது, மாற்றிப் பொருத்தும் முறையைச் சந்தை தோற்றுவிக்கவில்லை. பல்லாண்டுக் காலம் இலாபம் நோக்காது செலவிடக் கூடிய அரசே, படைத் தேவை கருதி அதனைப் பேணி வளர்த்தது. மிதியடிக் கட்டை, கோடரிக் காம்பு, வண்டிச் சக்கர ஆரை ஆகியவற்றைச் செய்தோர் பிளன்சார்டின் இயந்திரத்தைப் பின்னரே பயன்படுத்தினர். இரண்டாவது, கம்மியனின் திறன் அழிந்தொழிந்தது என்பது முழு உண்மையன்று. அது இடம்பெயர்ந்தது. இரும்பு மாதிரியைச் செய்தவனிடத்தும், வெட்டுச் சக்கரத்தைத் தீட்டியவனிடத்தும், அளவுகருவியை வகுத்தவனிடத்தும் அத்திறன் ஒடுங்கியது. பலருக்குரியதாயிருந்த அறிவு சிலருக்குரியதாயிற்று. எஞ்சியோர் அவ்வறிவின்றியே இயந்திரத்தின் அருகே நின்றனர்.

முறிந்த கட்டையை யார் மாற்றுவது என்னும் வினாவுக்கு, திருப்புளி ஏந்திய எவரும் மாற்றலாம் என்பதே 1850களின் விடை. படைவீரனுக்கு அது நன்மை, அரசுக்கு வலிமை. அவ்விடையின் விலையைக் கொடுத்தவர்கள், படகேறி வாஷிங்ரனுக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பிய கைவினைஞரே.