சாமி படத்துக்கு அப்பால் ரவி வர்மா

போடியில் ஏலக்காய்க் கடைக்குள் நுழைந்தால் கல்லாவுக்கு மேலே லட்சுமி படம் மாட்டியிருக்கும். எங்கள் கடையில் அது தாத்தா காலத்துப் படம். தாமரையில் நிற்கும் அந்த லட்சுமியை வரைந்த ராஜா ரவி வர்மா (1848–1906) திருவிதாங்கூர்க்காரர். போடிமெட்டுக்கு அப்பால் தொடங்கும் ஏலமலையும் அன்று அதே சமஸ்தானத்தில்தான் இருந்தது.

1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் சாமி படங்களை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தது. ஆனால் அந்தப் புகழ் அவருடைய இன்னொரு முகத்தை மறைத்துவிட்டது என்பது என் ஆதங்கம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வில்லியம் பிரித் குதிரைப் பந்தயக் கூட்டத்தை வரைந்தார். 1858இல் அந்தப் படத்தைப் பார்க்க வந்தவர்களைத் தடுக்கக் கம்பித் தடுப்பே போட வேண்டியிருந்தது. அப்படி அன்றாட வாழ்க்கையை வரையும் கலையில் ரவி வர்மாவும் கை தேர்ந்தவர். 1873இல் சென்னைக் கண்காட்சியில் அவருக்குப் பரிசு வாங்கித் தந்தது சாமி படமல்ல, தலையில் பூச்சூடும் ஒரு நாயர் பெண்ணின் படம். 1893இல் வரைந்த ‘அதோ அப்பா வருகிறார்’ படத்தில் குழந்தையோடு நிற்பவர் அவருடைய சொந்த மகள்.

இந்தக் கை எங்கே பழகியது? பதினான்கு வயதில் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அரண்மனைக்கு வந்த பையனுக்கு எண்ணெய் வண்ணம் கற்றுத்தர அரசவை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்துவிட்டார். அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் வந்து சொல்லிக்கொடுத்தார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ரவி வர்மாவின் மாமா ராஜராஜ வர்மாவுக்குக் கற்பித்தவரோ மதுரை அளகிரி நாயுடு. 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியரும் தான் வரைவதைப் பார்க்க விட்டாரே தவிர, உட்காரவைத்துக் கற்பிக்கவில்லை. அந்த ஆறுமுகம் பிள்ளையின் பெயர் நம் பள்ளிப் பாடத்தில் இருக்க வேண்டும்.

விடியும் முன்னே ஜீப்பில் ஏறிக் காய் எடுக்க மலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்களை அவர் வரைந்ததில்லை. ஆனால் ஊர் ஊராக அலையும் ஒரு நாடோடிக் குடும்பத்தை 1893இல் வரைந்தார். தாயும் பிள்ளைகளும் ஒரு தந்தி வாத்தியமும். பசி தெரிகிறது, ஆனால் அந்தத் தாயின் மானம் குறையவில்லை. என் கணக்கில் அவருடைய அத்தனை தேவியரையும்விட அந்தத் தாய் உயர்ந்தவள். திருவனந்தபுரம் போகிறவர்கள் அங்கே அந்தப் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.