இடவியல்

கிரேக்கத்தில் 'தோப்போஸ்' என்றால் இடம். அதோடு 'லோகோஸ்' சேர்ந்து 'டோபாலஜி' ஆயிற்று. ஜெர்மானியக் கணிதர் யோகான் லிஸ்டிங் 1847-இல் தம் நூலின் தலைப்பிலேயே இச்சொல்லை வைத்தார். தமிழில் இடவியல் என்கிறோம். நல்ல ஆக்கம்தான், ஆனால் நீளமும் கோணமும் இங்கே பொருட்டல்ல என்பதை அது உணர்த்துவதில்லை. இழுத்தாலும் வளைத்தாலும் மாறாதது எது என்பதே இத்துறையின் கேள்வி.

இத்துறை கணினி நிரலுக்குள் வந்த விதம் எனக்குப் பேரழகாகப் படுகிறது. ஒரே நேரத்தில் ஓடும் இரு நிரல்கள்: ஒன்றின் முன்னேற்றம் கிடைக்கோட்டில், மற்றதன் முன்னேற்றம் செங்குத்தில். அவை சேர்ந்து ஓடும் ஒவ்வொரு விதமும் இவ்விரு கோடுகளுக்கிடையே விரியும் சதுரத்தில் ஒரு பாதை. காலம் திரும்பாததால் பாதையும் பின்வாங்காது. பகிரும் தரவைக் காக்கும் ஒரே பூட்டை இரண்டும் ஒருசேரப் பிடிக்க முடியாது. இரண்டும் அதைப் பிடித்திருக்கும் பகுதி சதுரத்தில் ஓட்டையாகிவிடும். பகிரும் தரவெல்லாம் பூட்டுக்குள் இருந்தால், ஓட்டையைத் தாண்டாமல் ஒரு பாதையை நெகிழ்த்தி இன்னொன்றாக்க முடியும்போது இரண்டின் விளைவும் ஒன்றே. இரு பூட்டுகளை எதிரெதிர் வரிசையில் எடுத்தாலோ ஓட்டைகள் சிலுவையாக இணைகின்றன. அதன் இடக் கீழ்க் கக்கத்தில் நுழைந்த பாதைக்கு மேலேயும் வழியில்லை, வலப்பக்கமும் வழியில்லை. இரு நிரலும் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும்; அதுதான் டெட்லாக்.